‘ப’ வரிசையில் இல்லாத சொல்

சித்தூர்,
3 ஜூலை 2024

மதிப்புக்குரிய லக்ஷ்மிநரசிம்மன் ஐயா அவர்களுக்கு,

என் பெயர் தனசேகர். நகரிக்காரன். பதினொரு வருஷமாகச் சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியின் குளிர்கிடங்கில் ஆபரேட்டராக இருக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கும் உங்கள் பெயர் மட்டும்தான் தெரியும். எங்கள் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் குளிர்பதன மெஷின் கையேடான நீல அட்டைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ‘சொல்லடைவு: லக்ஷ்மிநரசிம்மன், திருப்பதி’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. அந்தக் குளிர்பதன மெஷின்களைச் செய்த கம்பெனியின் வாட்ச்மேனிடம் உங்கள் விலாசம் வாங்கினேன். உங்களுக்குக் காது மந்தம், போன் எடுக்க மாட்டீர்கள், கடிதம் போடு என்று அவர்தான் சொன்னார்.

ஜூன் 11ஆம் தேதி காலை எங்கள் பிளான்ட்டில் அமோனியா கொட்டியது. பேக்கிங் பிரிவில் வேலை செய்த ரத்தினம்மா இறந்துவிட்டார். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். நிர்வாகம் விசாரணைக் கமிட்டி போட்டிருக்கிறது. என்மேல் எழுதியிருக்கும் குற்றம் இது: ‘கையேட்டில் தெளிவாக உள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல், தரையில் தேங்கிய திரவ அமோனியாவின் மேல் தண்ணீர் பாய்ச்சினார்.’ இது நிரூபணமானால் போலீஸ் கேஸிலும் இதையே வைத்து என்னை உள்ளே தள்ளுவார்கள் என்கிறார் வக்கீல் நாகேந்திரன்.

ஐயா, நான் தேடினேன். கிடைக்கவில்லை. மூன்று வருஷமாகக் கையேடு வெப்சைட்டில்தான் இருக்கிறது. அதைப் பார்க்க எங்களுக்கு ஒரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நீலப் புத்தகத்தின் மேல் ‘செல்லாது’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்கள். புதியதில் நீங்கள் போட்ட இண்டெக்ஸ் இல்லை. தேடுவதற்கு ஒரு கட்டம் மட்டும் இருக்கிறது.

நீங்கள் விசாரணைக்கு வந்து ஒன்று சொன்னால் போதும். பழைய புத்தகத்தில் இண்டெக்ஸ் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், அது இல்லாமல் அவசரத்தில் எதுவும் அகப்படாது என்று.

ரத்தினம்மாவின் மகள் கீர்த்தி எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். காரியம் முடிந்த மறுநாள் என்னை நிறுத்திக் கேட்டாள். “அண்ணா, தண்ணி ஊத்தறதுக்கு மின்ன நீ புக்குல பாத்தியா, பாக்கலியா? அத்த மட்டும் சொல்லு.” பார்த்தேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. ஜெயிலுக்குப் போவதைவிட அதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

இப்படிக்கு,
தனசேகர்

*

திருப்பதி,
9 ஜூலை 2024

அன்புள்ள திரு. தனசேகர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் ஐந்தாம் தேதி கிடைத்தது. பதில் எழுத நான்கு நாளாயிற்று. இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். என்னைத் தேடி ஒரு வாசகர் எழுதுவது இதுவே முதல் முறை. அந்தச் சந்தோஷத்தை இப்படி ஒரு சந்தர்ப்பத்தில் சொல்லக்கூடாது. சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

சொல்லடைவு எதற்கு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. நீங்களும் கேட்கவில்லை. இருந்தாலும் விசாரணையில் உதவுமோ என்று எழுதுகிறேன். நீலப் புத்தகத்தில் ‘தண்ணீர்’ என்ற தலைப்பின் கீழ் நான் கொடுத்திருப்பது இவ்வளவுதான்: எண்ணெயில் கலந்தால், 88, கண் கழுவ, 139, கண்டென்சருக்கு, 40 முதல் 46 வரை, திரவ அமோனியாவின் மேல் ஊற்றலாகாது, 142. நான்கு வரி. புத்தகத்தில் தண்ணீர் என்ற சொல் முந்நூறு இடத்துக்குமேல் வருகிறது. அவற்றில் எந்த நான்கு இடங்களுக்காக ஒருவர் புத்தகத்தைத் திறப்பார் என்று முடிவு செய்வதுதான் என் வேலை. அதற்கு முழுப் புத்தகத்தையும் மூன்று முறை படித்து, சொல்லுக்கு ஒரு சீட்டாக எழுதி அடுக்க வேண்டும். தேடும் கட்டம் படிப்பதில்லை. நீங்கள் தட்டிய எழுத்துகள் எங்கெங்கே இருக்கின்றன என்று மட்டும் சொல்லும். புத்தகத்தில் ஒரு பெயரும் உங்கள் வாயில் வேறு பெயரும் இருந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது. இது என் தொழில்மீது எனக்குள்ள பிடிவாதமாகவும் இருக்கலாம். தள்ளுபடி செய்து படியுங்கள்.

2021இல் புத்தகத்தை நிறுத்தும் முன் ஒரு கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். ராம்ப்ரசாத் என்ற இளம் மேலாளர், “சார், இப்ப யாரு கடைசிப் பக்கத்தைத் திருப்பறா? டைப் பண்ணா வந்துடும்” என்றார். எனக்குச் சொல்ல இருந்தது. ஒரு காகிதத்தில் ஏழு குறிப்பு எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவர் பக்கத்தில் இருந்தவர் தலையாட்டினார், எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். காபி கொடுத்தார்கள். வந்துவிட்டேன்.

ஆகவே நேரில் வரும்படி என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எழுபத்தொரு வயது. நான்கு பேர் எதிரில் உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வேண்டுமானால் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். என் மனைவி பெருந்தேவி இதைக் கேட்டுவிட்டு, “ஏன்னா, முப்பது வருஷம் சீட்டு எழுதினேளே, இப்பத்தான் ஒருத்தன் வந்து கேக்கறான். அவனுக்கும் சீட்டுதான் எழுதப்போறேளா?” என்றாள். அவளுக்கு என் பயம் தெரியும். இருந்தும் சொல்வாள்.

ஒரு விவரம் வேண்டும். அன்று நீங்கள் எந்தெந்தச் சொல்லைத் தேடினீர்கள்? வரிசை மாறாமல் எழுதுங்கள்.

தங்கள்,
லக்ஷ்மிநரசிம்மன்

*

சித்தூர்,
15 ஜூலை 2024

ஐயா,

வரிசை மாறாமல் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

காலை பத்தே முக்கால் மணி இருக்கும். நான் மெஷினின் அடியில் தேங்கிய எண்ணெயை வடித்துக்கொண்டிருந்தேன். வால்வு பாதியில் சிக்கியது. மூட வரவில்லை. எண்ணெய் வந்து முடிந்ததும் பின்னாலேயே அமோனியா வந்துவிட்டது. தரையில் வெள்ளையாகப் பரவி, கொதித்துக்கொண்டு, மேலே ஒரு முழ உயரத்துக்குப் புகை. எங்கள் ஆட்கள் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். “பால் கொட்டிக்கிச்சு! பால் கொட்டிக்கிச்சு!” என்று கத்திக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். முகமூடி மாட்டிக்கொண்டு மெயின் வால்வை அடைத்தேன். ஆனால் கொட்டியது கொட்டியபடி தரையில் இருக்கிறது. பக்கத்து ஹாலில் பேக்கிங் பெண்கள். இதை என்ன செய்வது? கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினேன்.

டேப்பில் முதலில் ‘பால்’ என்று போட்டேன். பால் பேரிங், பால் பேரிங் என்று பத்தொன்பது இடம் வந்தது. ‘அமோனியா’ என்று போட்டேன். ஒன்றும் இல்லை. அங்கே எல்லா இடத்திலும் குளிர்பதனப் பொருள் என்று எழுதியிருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ‘தண்ணி’ போட்டேன், இல்லை. ‘தண்ணீர்’, இல்லை. அவர்கள் நீர் என்று போட்டிருக்கிறார்கள். இங்கிலீஷ் பக்கங்களும் அதிலேயே இருக்கின்றன, இங்கிலீஷில் வாட்டர் என்று தட்டினேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அமோனியாவுக்குத் தண்ணீர்தான் எதிரி என்று ட்ரெய்னிங்கில் சொன்னது ஞாபகம் வந்தது. புகைமேல் தூவலாம், தேங்கியதன்மேல் ஊற்றக்கூடாது என்ற மறுபாதி ஞாபகம் வரவில்லை. ஓடிப்போய் ஹோஸை எடுத்தேன்.

ரத்தினம்மா ஹால் வாசலில் நின்றிருந்தார். உள்ளே இருந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டு கடைசியாக நின்றார். நான் ஹோஸோடு வருவதைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா தனசேகரு, பால்ல தண்ணி கலக்கப் போறியா? புடிச்சுக் குடுத்துருவேன் பாரு!” என்றார். நான் திறந்தேன். ஒரே வினாடியில் அந்த வெள்ளை முழுக்க எழும்பி வாசலை மூடிவிட்டது. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தபோது தூக்கிக்கொண்டு போனார்கள்.

இவ்வளவுதான் வக்கீலிடம் சொன்னேன். உங்களிடம் ஒன்றை மறைக்க மனம் வரவில்லை. டேப்பை எடுப்பதற்கு முன் உங்கள் புத்தகத்தைத்தான் எடுத்தேன். செல்லாத புத்தகத்தைப் பார்த்தேன் என்று சொன்னால் அதையும் ஒரு குற்றமாக்குவார்கள் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொன்னால் வருத்தப்படுவீர்கள் என்றும் நினைத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் புத்தகம்தான் எனக்குத் துணை. முதல் பக்கத்தில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: ‘நீங்கள் ஒன்றை எந்தப் பெயரில் அழைக்கிறீர்களோ அந்தப் பெயரிலேயே கடைசிப் பக்கங்களில் தேடுங்கள்; இருக்கும்.’ இருந்தது ஐயா. பைப்பில் பனி கட்டுவதை நாங்கள் மாவு பூக்கிறது என்போம். ‘மாவு’ இருந்தது. நெடி ஏறினால் காட்டம் என்போம். ‘காட்டம்’ இருந்தது. அதனால் அன்று நேராக ‘ப’ வரிசைக்குப் போனேன். பாகங்கள், பாதுகாப்பு, பாய்வு வேகம். அடுத்து பிசுக்கு எண்ணெய். நடுவில் ‘பால்’ இல்லை.

இந்தப் புத்தகத்திலேயே இல்லையென்றால் எழுதவே இல்லை என்று நினைத்து மூடிவிட்டேன். ‘தண்ணீர்’ என்று பார்த்திருக்கலாம் என்று இப்போது உங்கள் கடிதத்தைப் படித்துத் தெரிகிறது. ஆனால் என் கண்முன் இருந்தது பால். தண்ணீரில் தப்பு இருக்கும் என்று தெரிந்தால்தானே அங்கே தேடுவேன்?

தனசேகர்

*

திருப்பதி,
2 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தனசேகர்,

உங்கள் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. உடம்பு சரியில்லை என்று எழுத நினைத்தேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது.

அந்தப் புத்தகத்துக்காக நான் எழுதிய சீட்டுகளை அட்டைப் பெட்டிகளில் கட்டிவைத்திருக்கிறேன். மூவாயிரத்து நூற்று நாற்பது சீட்டு. பரணிலிருந்து இறக்கச் சொன்னபோது பெருந்தேவி, “இப்ப எதுக்கு?” என்றாள். ஒரு சொல்லைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். உங்கள் கடிதத்தைப் படித்தபோதே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. சீட்டு இல்லாமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே தேடினேன். இருந்தது.

2002 டிசம்பரில் ஆறு நாள் சித்தூரில் தங்கி, குளிர்கிடங்கு ஆபரேட்டர்களுடன் உட்கார்ந்து, அவர்கள் எதை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுதினேன். யாரும் என்னை அனுப்பவில்லை. நானாகப் போனேன். பச்சையப்பன் என்ற ஆபரேட்டர் மூன்றாம் நாள் சொன்னார்: “கேஸா வந்தா காட்டம் சாரே. தண்ணியா தரைல நின்னுக்கினு இருந்தா அது பாலு. பாலு கொட்னா எவனும் கிட்ட போவமாட்டான்.” எழுதினேன். சீட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்.

‘பால் (தரையில்) - பார்க்க: திரவ அமோனியா, சிந்துதல், 142.’

அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. கீழே ‘பால் பண்ணைகளில் குழப்பம் வரும். நீக்குக. 19-2-2003.’ கையெழுத்து என்னுடையது.

பால் பண்ணைகளிலும் எங்கள் மெஷின்கள் இருந்தன. அங்கே பால் என்றால் பால்தான். ஆகவே காரணம் நியாயமாகத் தெரியும். இருபத்தொரு வருஷமாக எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அது நான் பிறகு கண்டுபிடித்த காரணம். நடந்தது வேறு. பிப்ரவரி 18ஆம் தேதி மேலதிகாரிகள் சொல்லடைவைப் பார்வையிட்டார்கள். ஒருவர் ‘மாவு’ என்பதைப் படித்துவிட்டு, “என்ன சார், ஊத்தப்பம் எந்தப் பக்கம்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள்தான், கேலியாகக்கூடச் சொல்லவில்லை. ‘ம’ வரை பார்த்த பிறகு டீ வந்தது. மீதியையும், விட்டுப்போன சில பக்கங்களையும் மறுநாள் பார்ப்பதாகச் சொன்னார்கள். அந்த விட்டுப்போன பக்கங்களில் ‘ப’ இருந்தது. மாவுக்கே இப்படியென்றால் பாலுக்கு என்ன சொல்வார்கள்? அன்று வீட்டுக்கு வந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் முதல் வேலையாகக் கோடு போட்டேன். ஆனால் அன்று யாரும் எதையும் பார்க்கவில்லை. அப்படியே அச்சுக்குப் போயிற்று.

‘இருக்கும்’ என்று முன்பக்கத்தில் எழுதியவனும் நான், இருந்ததை எடுத்தவனும் நான். வெப்சைட்டைப் பற்றி ஒரு பக்கம் நியாயம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் முதலில் திறந்தது என்னுடையதை.

விசாரணைக்கு வருகிறேன். சீட்டையும் கொண்டுவருகிறேன். தேதி எழுதுங்கள்.

லக்ஷ்மிநரசிம்மன்

*

சித்தூர்,
7 ஆகஸ்ட் 2024

ஐயா,

விசாரணை 14ஆம் தேதி புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் கம்பெனி ஆபீஸில். நாகேந்திரன் பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பார்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “இத்தினி நாளு இத்த ஏன் சொல்லல? நீ தேடுன, புக்கு கைய விட்டுச்சு. எழுதுன மனுசனே வந்து சீட்ட வெச்சா முடிஞ்சிபோச்சு!” என்றார். செல்லாத புத்தகத்தைப் பார்த்தது பெரிய விஷயமில்லையாம்.

அவருக்கு வந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. உங்கள்மேல் கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. ஒரு சிரிப்புக்காகவா என்று என் மனைவியிடம் கத்தினேன். பிறகு, நீங்கள் சொல்லாமலேயே இருந்திருக்கலாம், சொல்லியிருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கீர்த்தியிடம் சொல்லியிருக்கிறேன், புத்தகம் எழுதியவரே வந்து நான் பார்த்ததைச் சொல்வார் என்று. அன்று லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். உள்ளே விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் இருப்பாள். கதவு திறந்துதான் இருக்கும்.

தனசேகர்

*

சித்தூர்,
15 ஆகஸ்ட் 2024

ஐயா,

நேற்று நீங்கள் சொன்னது ஒரே ஒரு சொல். நீங்கள் மறந்திருந்தால் எழுதிவைக்கிறேன்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் உங்களிடம் முதலில் பெயர் கேட்டார், வயது கேட்டார், மரியாதையாகத்தான் கேட்டார். பிறகு தெலுங்கில், “ஆ புக்குலோ ஆ வார்னிங் உந்தா, லேதா?” என்றார். இருக்கிறதா இல்லையா என்று கேட்டார்.

நீங்கள், “உந்தி” என்றீர்கள். இருக்கிறது. பிறகு, “கானி...” என்று, ஆனால் என்று, ஆரம்பித்தீர்கள்.

“உந்தி கதா? சாலு சார். கூர்ச்சோண்டி.” இருக்கிறது அல்லவா, போதும், உட்காருங்கள் என்றார். நீங்கள் உட்கார்ந்துவிட்டீர்கள்.

நாகேந்திரன் உங்கள் பக்கம் குனிந்து, “சார், சீட்டு, அந்தச் சீட்டு” என்று இரண்டு முறை சொன்னார். பை உங்கள் மடியில் இருந்தது. நீங்கள் ஜிப்பை இழுத்து மூடினீர்கள். அவர் எழுந்து, “இவருக்கு இன்னும் சொல்ல வேண்டியது இருக்கிறது” என்றார். நடுவில் இருந்தவர் உங்களைப் பார்த்து, “இங்கேமைனா உந்தா சார்?” என்று கேட்டார். வேறு ஏதாவது உண்டா என்றுதான் கேட்டார் ஐயா. கேட்டார். நீங்கள் தலையை இல்லை என்று ஆட்டினீர்கள்.

கீர்த்தி வெளியே பெஞ்சில் இருந்தாள். நான் வருவதற்குள் எழுந்து போய்விட்டாள்.

தனசேகர்

*

திருப்பதி,
23 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தனசேகர்,

காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அன்று எல்லாம் நன்றாகக் கேட்டது.

பஸ்ஸில் வரும்போது சொல்ல வேண்டியதை வரிசையாக மனப்பாடம் செய்தேன். ஒன்று, எச்சரிக்கை புத்தகத்தில் இருக்கிறது. இரண்டு, இருப்பது வேறு, தேடுகிறவன் கையில் அகப்படுவது வேறு. மூன்று, அகப்படாமல் செய்தவன் நான். முதலாவதைச் சொன்னவுடன் அவர் போதும் என்றார். போதும் என்று யாராவது சொன்னால் நிறுத்திவிடுவது என் வழக்கம். அவர் திரும்பக் கேட்டபோது, அந்தச் சீட்டைக் கையில் வாங்கிப் ‘பால்’ என்று அவர் உரக்கப் படிப்பதும், பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதும் எனக்குத் தெரிந்தது. ஒரு பெண்மணி இறந்திருக்கிறார், யார் சிரிக்கப்போகிறார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

மறுநாளே எல்லாவற்றையும் நான்கு பக்கம் எழுதி, அதற்கடுத்த நாள் சீட்டின் நகலோடு கமிட்டிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நேற்று திரும்பி வந்தது. விசாரணை முடிந்துவிட்டது, சாட்சிகள் ஏற்கெனவே கூறியதற்கு மேல் எதுவும் சேர்க்க இயலாது என்று ஒரு வரி. நாகேந்திரனுக்கு ஒரு நகல் அனுப்பியிருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஒன்றை மேலே எழுதி அடித்திருக்கிறேன். அது உங்களிடம் எதையோ கேட்பதுபோல் இருந்தது.

லக்ஷ்மிநரசிம்மன்

*

சித்தூர்,
19 செப்டம்பர் 2024

ஐயா,

அறிக்கை வந்துவிட்டது. பதினொன்றாம் பக்கத்தில் இருப்பது: ‘எச்சரிக்கை கையேட்டில் உள்ளது என்பதை அதன் சொல்லடைவைத் தயாரித்தவரே நேரில் உறுதி செய்தார். ஆகவே தேடியும் கிடைக்கவில்லை என்ற ஆபரேட்டரின் கூற்று ஏற்கத்தக்கதல்ல.’ வேலை போய்விட்டது. போலீஸ் குற்றப்பத்திரிகையில் இந்தப் பக்கத்தையும் சேர்த்திருக்கிறார்கள். நீங்கள் கோர்ட்டில் வந்து மாற்றிச் சொன்னாலும், அன்று ஏன் சொல்லவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள் என்கிறார் நாகேந்திரன். இருந்தாலும் உங்கள் நான்கு பக்கத்தைத் தாக்கல் செய்யப்போகிறார்.

பேப்பரில் நான்கு வரி போட்டிருந்தார்கள். கீர்த்தி அதைப் படித்திருக்கிறாள். முந்தாநாள் பால் பூத்தில் எதிரே வந்தாள். நான் ஒதுங்கி வழிவிட்டேன். “பாத்தேன்னு சொன்னியே அண்ணா” என்றாள். சத்தம் போடவில்லை. கடைக்காரன் காதில்கூட விழுந்திருக்காது. என் மனைவி, ஊரை விட்டு நகரிக்கே போய்விடலாம் என்கிறாள். கேஸ் இருக்கும்போது போனால் ஓடிவிட்டான் என்பார்கள்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம். எழுத வேண்டுமென்றால் அவளிடம் போய்ச் சொல்லுங்கள்.

தனசேகர்

*

திருப்பதி,
4 அக்டோபர் 2024

அன்புள்ள தனசேகர்,

எழுத வேண்டாம் என்றீர்கள். அவளிடம் போய்ச் சொன்னால் எழுதலாம் என்ற பொருளும் அதில் இருப்பதாக எடுத்துக்கொண்டேன்.

நேற்று சித்தூர் வந்தேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். கதவு சாத்தியிருந்தது. உங்கள் தெருவில் விசாரித்து, கீர்த்தி வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், மதியச் சாப்பாட்டு நேரம் வரை வெளியே நின்றேன். இரண்டு முறை திரும்பிப் போக நடந்தேன். ஒரு முறை பஸ் ஸ்டாண்டு வரை.

அவள் டிபன் பாக்ஸோடு வெளியே வந்தாள். நான் யாரென்று சொன்னேன். “அன்னிக்கு உந்தின்னு சொன்னாரே, அவருதானே நீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். சீட்டைக் கொடுத்தேன். நகலை அல்ல, அசலை.

வெயிலில் பிடித்துப் படித்தாள். “இத்த எழுதுனது?”

“நான்.”

“அடிச்சது?”

“அதுவும் நான்தான் அம்மா.”

“தனசேகரு அண்ணன் இந்த சொல்லத்தான் தேடுனாரா?”

“முதலில் இதைத்தான் தேடினார். உன் அம்மாவும் அதைப் பால் என்றுதான் சொன்னாராம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நான் எடுக்காமல் இருந்தால் இரண்டு வினாடியில் அகப்பட்டிருக்கும்.”

“ஏன் எடுத்தீங்க?”

சிரித்தார்கள் என்றேன். அவளுக்குப் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். நடுவில் என்னை நிறுத்தவில்லை. முடித்தபின், “இத்தயெல்லாம் அன்னிக்கு உள்ள ஏன் சொல்லல? கதவு தொறந்துதானே இருந்துச்சு, நான் கேட்டுக்கினுதானே இருந்தேன்?” என்றாள். பயம் என்றேன். “யாரப் பாத்து?” என்றாள். அந்தக் கமிட்டியில் இருந்தவர்களின் முகம்கூட எனக்கு இப்போது ஞாபகமில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்து உள்ளே கூப்பிட்டார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை அவள். சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உங்களிடம் சொல்லச் சொல்லி இரண்டு வாக்கியம் சொன்னாள். முதலாவதை மட்டும் எழுதிக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று இன்று காலை பேனாவை மூடிவைத்தேன். உங்களுக்கு அது போதும், அதற்காகத்தானே இவ்வளவும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மத்தியானம் வரை அப்படியே இருந்தேன். பிறகு மறுபடி உட்கார்ந்தேன். அவள் சொன்ன வரிசையில், அவள் சொன்னபடியே தருகிறேன்.

“அவரு பாத்தாருன்னு நம்புறேன்னு சொல்லுங்க.”

“ஆனா இனிமே என் எதிர்ல வர வேணாம்னும் சொல்லுங்க, கைல ஹோஸ் இருந்தது அவருதானே.”

லக்ஷ்மிநரசிம்மன்